சிலிபின் முச்சந்தியில் உடைந்த தேங்காய்

உ
சுங்காய்
6.9.1979

ஆமா டீச்சரம்மா, தேங்காய ஒடைச்சது நான்தான். இல்லேன்னு யாரு சொன்னா? ஞாயித்துக்கெழம சாயங்காலம் மைக்கப் புடிச்சிக்கிட்டு முந்நூறு பேருக்கு முன்னால, “ரோட்டில் தேங்காய் எறிந்த புண்ணியவதி யார்?”னு கேட்டீங்களே, அப்பவே எந்திரிச்சுச் சொல்லியிருப்பேன். மங்களம்தான் என் முந்தானைய இழுத்து உக்கார வச்சா. அன்னிக்கு வாய்க்குள்ள நின்னுபோனத இப்ப எழுதுறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் படிச்சவ நான். பேசுற மாதிரிதான் எழுத வரும். தப்பு இருந்தா செவப்பு மையில திருத்திக்குங்க.

நாங்களா ஈப்போவுக்கு வந்தோம்? நீங்கதானே வரச் சொன்னீங்க. பொண்ணு பாக்கத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வர முடியாது, மெர்டேக்கா சுதந்தர நாள் லீவுல எங்க இலக்கியக் கழகத்து விழா நடக்குது, அங்க மங்களத்தக் கூட்டிட்டு வாங்க, கூட்டத்தோட கூட்டமாப் பாத்துக்கறோம்னு சொல்லி அனுப்புனீங்க. எங்க வீட்டுக்காரரு பத்துமலை கேட்டாரு, பொண்ணு பாக்குறதுக்குக் காத்தாடி போட்ட மண்டபம் எதுக்குன்னு. படிச்சவங்க வீட்டு வழக்கம் அப்படி இருக்கும்னு நான்தான் அடக்குனேன். எங்கண்ணன் சன்னாசியும் அண்ணியும் போனப்புறம் அவுங்க மக மங்களத்த ஒம்பது வயசுலேருந்து வளத்தவ நான். அவ ஒங்க மகன் ஜெயபாலனத்தான் கட்டுவேன்னு சொன்னப்ப, சிலோன்காரவுங்க நம்ம வீட்டுல கை நனைப்பாங்களான்னு எங்க சனம் கேட்டுச்சு. முருகன் இருக்கான்னு சொன்னேன்.

சனிக்கெழம கவியரங்கம். ஏழு பேரு எந்திரிச்சாங்க, ஏழு பேரும் நிலாவப் பத்தியே பாடுனாங்க. நான் கண் அசந்துட்டேன், அது குத்தமா? பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தவ. நீங்க மேடையிலேருந்து என்னையவே மொறைச்சீங்க. ஒங்க வீட்டுக்காரரு ஸ்கந்தராஜா ஐயா ஒருத்தருதான் நாற்காலி இழுத்துப் போட்டு, “சாப்பிட்டீங்களோ?”ன்னு கேட்டாரு.

மறுநாள் காலம்பற ஓட்டப் பந்தயம். ஒங்க மகன் நாப்பத்தேழாம் நம்பரு, சிலிபின் முச்சந்திக்கு வரப்ப அவருதான் மொதல்ல. நான் தேங்காய் ஒடைச்சேன், அவரு அந்தச் சில்லுல கால வச்சு வழுக்கி விழுந்துட்டாரு. என் கண்ணால பாத்தேன். அன்னிலேருந்து சோறு எறங்கல. ரோட்டோரத்துல கட்டுன கயித்தத் தாண்டி ஓடிப்போயி, சேலத் தலைப்பக் கிழிச்சுக் கால்ல கட்டுப் போட்டது யாரு? எங்க மங்களம். கிளினிக்குல வேலை பாக்குற பொண்ணு, அவளுக்குத் தெரியும். அதுக்கு ஒரு வார்த்த சொன்னீங்களா? சாயங்காலம் மைக்குல என்ன சொன்னீங்க? “தோட்டத்தை விட்டு இவர்கள் ஏறி வந்தாலும், தோட்டம் இவர்களை விட்டு இறங்குவதில்லை.” எல்லாரும் திரும்பி எங்களப் பாத்தாங்க. கழகத்துப் போட்டிக்கு மங்களம் எழுதுன கதைக்கு ரெண்டாம் பரிசுன்னு பேரு கூப்புடறப்ப அவ வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தா.

தம்பி கால் எப்படி இருக்கு? அத மட்டும் எழுதுங்க. மத்தத அப்புறம் பேசலாம்.

வீரம்மா


ஈப்போ
14.9.1979

திருமதி வீரம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் மகனின் காலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணுக்கால் எலும்பு முறிந்திருக்கிறது. ஆறு கிழமைக்கு மாவுக்கட்டு, அக்டோபர் நடுவில்தான் பிரிப்பார்கள். கடந்த இரண்டு வருடங்களும் இதே ஓட்டத்தில் அவன் இரண்டாவதாக வந்தான். இந்த வருடம் முதலாவதாக வந்திருந்தால் மாநில அணிக்கு அழைத்திருப்பார்கள். தெரிவுக்கு வந்தவர்கள் முடிவுக் கோட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் அங்கே போய்ச் சேரவில்லை.

நானும் சைவப் பிள்ளைதான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதற்குக் கோயில் இருக்கிறது, கோயிலுக்குள் அதற்கென்று கல் இருக்கிறது. நாற்பது ஐம்பது பேர் ஓடி வருகிற தார் ரோட்டில், அவர்கள் காலடியில் எறிவதற்குப் பெயர் பக்தி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

மேடையில் நான் சொன்னதைத் திருப்பி எழுதியிருக்கிறீர்கள். நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. தொப்பி தங்களுக்கு அளவாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

தங்கள் மருமகள் நல்ல மனதோடுதான் கட்டுப் போட்டிருப்பார். ஆனால் திருமணம் பேசி முடிக்காத ஒரு பெண், ஊரே பார்க்க என் மகனின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நடு ரோட்டில் இருந்ததை எங்கள் ஆட்கள் பத்துப் பேராவது என்னிடம் வந்து சொல்லிவிட்டார்கள்.

இந்தச் சம்பந்தப் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்வது இரு வீட்டாருக்கும் நல்லது. பரிசுச் சான்றிதழைத் தபாலில் அனுப்புவது கழகத்தின் வழக்கம் இல்லை. எழுதியவர் நேரில் வந்து வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
தவமணி ஸ்கந்தராஜா


உ
சுங்காய்
23.9.1979

நிறுத்திக்கலாம்னு ஒரு வரியில எழுதிட்டீங்க. ரப்பர்ப் பால் மரத்துல கோடு கிழிக்கிற மாதிரி சுலபமா இருக்கு ஒங்களுக்கு. அந்தக் கடுதாசிய மங்களம்தான் எனக்குப் படிச்சுக் காட்டுனா, என் மூக்குக்கண்ணாடி காணாமப் போச்சு. “மகனின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு”ங்கற எடத்துல நின்னா. தண்ணி குடிச்சிட்டு வந்து மிச்சத்தப் படிச்சா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. அழுதிருந்தா நான் கவலப்பட மாட்டேன் டீச்சரம்மா.

ஒங்க கடுதாசியில பிள்ளையார் சுழி இல்ல. சைவப் பிள்ளைன்னு எழுதுறீங்க, சுழி போட ஒரு சொட்டு மை இல்லியா?

கோயிலுக்குள்ள கல்லு இருக்குன்னு எனக்குச் சொல்லிக் குடுக்குறீங்க. நான் மாரியம்மன் கோயில் வாசல் கூட்டுறது முப்பது வருசமா. அன்னிக்கு நடந்தது வேற. பிள்ளையார் கோயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவுல கயிறு. போலீஸ்காரன் தாண்ட விடல. “மக்சி, துங்கு சிக்கிட்லா”ன்னு மலாய்ல சொன்னான். கொஞ்சம் நில்லுங்கன்னா எவ்வளவு நேரம் நிக்கிறது, பந்தயம் நிக்குமா? அங்க பாத்தா நாப்பத்தேழாம் நம்பரு வளைவுல திரும்பியாச்சு. அவரு போனப்புறம் ஒடைச்சு என்ன பிரயோசனம்? தைப்பூசத்துல தேர் வர்றதுக்கு முன்னாலதானே ஒடைக்கிறோம். தடை போகட்டும்னு கண்ண மூடிக்கிட்டு ஒடைச்சேன். நாலு சில்லு ஓரமாப் போச்சு. ஒண்ணு நடுவுல உருண்டுச்சு. அந்த ஒண்ணு.

தைப்பூசத் தேருக்கு மாட்டு வண்டிச் சக்கரம். ஒங்க மகன் கால்ல கான்வாஸ் சப்பாத்து. அது என் புத்திக்கு எட்டலை. அவ்வளவுதான் என் குத்தம்.

ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. அந்தத் தேங்காய் என் கைக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்கும் தெரியும், இன்னொருத்தருக்கும் தெரியும். யாருன்னு சொல்ல மாட்டேன். தேங்காய் மேல கை வச்சு சாமிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். மைக்குல நீங்க புண்ணியவதி யாருன்னு கேட்டப்ப அந்த ஆளும் மண்டபத்துலதான் இருந்தாங்க, தலயத் தொங்கப் போட்டுக்கிட்டு. நானும் சும்மா இருந்தேன். நீங்க என்னையத் திட்டுனா திட்டிக்குங்க, என் சத்தியம் பெருசு எனக்கு.

சான்றிதழ நீங்களே மாட்டி வச்சுக்குங்க. செவுத்துல எடம் இருக்கும்.

வீரம்மா


ஈப்போ
18.10.1979

திருமதி வீரம்மா அவர்களுக்கு,

தாங்கள் எழுதும் புதிர்களுக்கு விடை தேட எனக்கு நேரமில்லை. யாரோ ஒருவர் தேங்காய் தந்தார், அவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்பது, பிடிபட்ட மாணவர்கள் என்னிடம் தினமும் சொல்லும் கதை. கை உங்களுடையது, எறிந்தது நீங்கள். அதற்கு மேல் யாரும் இல்லை.

இந்தக் கடிதம் எழுத வேண்டிய காரணம் வேறு. மாவுக்கட்டு பிரிக்கிற அன்று ஜெயபாலனின் தலையணைக்குக் கீழே பதினொரு கடிதங்கள் கிடைத்தன. எல்லாம் தங்கள் மருமகள் எழுதியவை. நான் பிரித்துப் படிக்கவில்லை. எழுத்தைப் பார்த்தேன், அழகான எழுத்து. போட்டியில் அந்தக் கதைக்கு நான்தான் அதிகப் புள்ளி போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்மேல் பழி போடக் கூடாது. ஆனால் நல்ல எழுத்து வேறு, நல்ல சம்பந்தம் வேறு.

தைப்பிங்கில் எங்கள் உறவினர் இராசையா அவர்களின் மகளுக்கும் ஜெயபாலனுக்கும் பேச்சு நடக்கிறது. தை மாதம் நிச்சயம் செய்வதாக இருக்கிறோம். மகன் இன்னும் சரி சொல்லவில்லை. மூன்று கிழமையாக என்னோடு பேசுவதும் இல்லை. எங்கள் வீட்டில் நாலு அறை, நாலு அறையிலும் சத்தம் இல்லை. அதற்கும் தாங்கள்தான் காரணம்.

தங்கள் மருமகள் இனி எழுத வேண்டாம் என்று தாங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். வளர்த்தவர் சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
தவமணி ஸ்கந்தராஜா


உ
சுங்காய்
11.11.1979

சொல்லிட்டேன். நீங்க எழுதுனத அப்படியே சொல்லிட்டேன். மங்களம் தலயாட்டுனா, மறுநாளு கிளினிக்குல எழுதிக் குடுத்துட்டா, ஹுத்தான் மெலிந்தாங்குக்கு மாத்தல் வேணும்னு. அங்க யாரு இருக்கா அவளுக்கு? கடலும் மீன் நாத்தமும் கொசுவும்தான். ஏன்டியம்மான்னு கேட்டேன். “அந்த ஊர்ல ஓட்டப் பந்தயம் வைக்க மாட்டாங்க அத்தை”ங்கறா. கதை எழுதுற நோட்டையும் காணும். அடுப்புல போட்டாளான்னு சாம்பலக் கிளறிப் பாத்தேன். இல்ல. எங்கயோ வச்சிருக்கா.

தைப்பிங் பொண்ணு நல்லா இருக்கட்டும். நான் சாபம் விடுறவ இல்ல. ஆனா ஒங்க மகன் சரி சொல்லலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. சொல்லாத வாய்க்குள்ள கைய விட்டா “சரி”ய எடுப்பீங்க?

நான் குத்தம் பண்ணுனேன், டீச்சரம்மா. மண்டபத்துல மைக்கப் புடிச்சு என்னைய இன்னும் பத்துத் தடவ பேசுங்க. காளியம்மன் கோயில்ல முட்டி போட்டு மூணு சுத்து சுத்தச் சொல்லுங்க, சுத்துறேன், எனக்கு மூட்டு வலி. ஆனா தண்டனைய எனக்குக் குடுங்க. அவளுக்கு எதுக்கு? அவ என்ன பண்ணா? விழுந்தவரத் தூக்குனா.

இத எழுதுறதுனால நான் எறங்கிட்டேன்னு நெனைக்காதீங்க. தோட்டம் எங்கள விட்டு எறங்கலன்னு சொன்னீங்களே, அந்த வார்த்தைய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். எங்கப்பா காட்ட வெட்டிப் போட்ட ரோட்டுலதான் ஒங்க மகன் ஓடுனாரு.

என்கிட்ட சத்தியம் வாங்குனவருக்கும் ஒரு மனசாட்சி இருக்கும்னு பாத்தேன். ரெண்டு மாசமாச்சு. பிள்ளையார் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. இதுக்கு மேல நான் பேசுனா சத்தியம் போயிரும்.

வீரம்மா


உ
ஈப்போ
9.12.1979

வீரம்மா அவர்களுக்கு,

தங்கள் கடைசிக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்தபோது இவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார். பிறகு ஒரு வசனம்தான் சொன்னார்.

“அந்தத் தேங்காய் நான்தான் குடுத்தனான் தவம், எங்கட மரத்துக் காய்.”

முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் வேலை செய்த மனிதர். எனக்குத் தெரியாமல் ஒரு சட்டை வாங்கியது கிடையாது. மகன் இரண்டு முறை இரண்டாவதாக வந்தானே, இந்த முறை பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துப் பார்ப்போம் என்று நினைத்தாராம். தானே போனால் கழகத்து ஆட்கள் யாராவது பார்த்து என்னிடம் சொல்லிவிடுவார்களாம், நான் சிரிப்பேனாம். அதனால் விடியக்காலையில் தாங்கள் ஈப்போவில் தங்கியிருந்த வீட்டுக்கு வந்து தங்களிடம் தந்தாராம். எனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினாராம்.

நான் சிரித்திருப்பேன். அது உண்மை. அதற்காக இந்த மூன்று மாதமும் என் வீட்டுத் தேங்காயை வைத்துக்கொண்டு நான் ஊர் முழுக்க உங்களைப் பேசினேனே, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நீங்கள் மண்டபத்தில் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்து என்னைச் சிறுமைப்படுத்தினீர்கள். அதற்கு நான் உங்களை மன்னிக்கப் போவதில்லை.

தைப்பிங் வீட்டாருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஜெயபாலன் நேற்று என்னோடு சாப்பிட்டான். பேசவில்லை, இரண்டாம் முறை சோறு கேட்டான்.

ஜனவரி இருபதாம் தேதி ஞாயிறு, அதே மண்டபத்தில் கழகத்தின் பொங்கல் விழா. மங்களத்தின் சான்றிதழ் அன்று மேடையில் தரப்படும். அவர் மாற்றலை அதற்குள் நிறுத்தச் சொல்லுங்கள். நான் சொல்ல வேண்டியதை அதே மைக்கில் சொல்வேன். தாங்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும், தூங்காமல்.

தவமணி


உ
சுங்காய்
24.1.1980

வந்தேன், முன்வரிசையில உக்காந்தேன், தூங்கவும் இல்ல. நீங்க சொன்னத காது குடுத்துக் கேட்டேன். “சென்ற ஆண்டு இந்த மேடையில் நான் பேசிய ஒரு வசனத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.” அவ்வளவுதான். எந்த வசனம்னு சொல்லல. கொரலும் எறங்கிப் போச்சு. மூணாவது வரிசையில இருந்த எங்க தோட்டத்து முத்தம்மா, டீச்சர் என்ன சொன்னாங்கன்னு என்கிட்ட கேக்குறா. திட்டுறப்ப கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. திரும்ப வாங்கிக்கறப்ப மைக்கு ரிப்பேரு ஆயிருச்சு போல.

சரி, போவுது. மங்களம் மேடைக்கு ஏறுனப்ப அவ தோள்ல கை வச்சீங்களே, அத பாத்தேன். சான்றிதழ வாங்கிக்கிட்டு அவ ஒங்க கால்ல விழப் போனா, நீங்க தடுத்துட்டீங்க. தடுத்தது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு எங்க வீட்டுக்காரரு ராவெல்லாம் கேக்குறாரு. நான் தெரியலன்னுட்டேன். மாத்தல நிறுத்தியாச்சு. நோட்டும் கெடைச்சுருச்சு, அரிசித் தொட்டிக்குள்ள போட்டு மூடி வச்சிருந்தா.

இப்ப நான் ஒண்ணு சொல்லணும். ஸ்கந்தராஜா ஐயாவ இதுக்குமேல திட்டாதீங்க. தேங்காய் அவரு குடுத்தாரு, மெய்தான். ஆனா கோயிலுக்குள்ள போயி கல்லுல ஒடைங்க அம்மான்னுதான் சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. ரோட்டுல ஒடைச்சது என் புத்தி. அவரு பயத்துல முழுசாச் சொல்லாம பழிய ஏத்துக்கிட்டாரு, நான் வாயத் தொறக்காம இருந்துட்டேன். சத்தியம் பண்ணுனது அவரு பேரச் சொல்ல மாட்டேன்னுதான், இத மறைக்கிறேன்னு நான் சாமிகிட்ட சொல்லல. போன மாசம் உங்க கடுதாசிய படிச்சதுலேருந்து நெஞ்சுல முள்ளு மாதிரி இருக்கு. பாதி பழி ஒங்க வீட்டு மேல விழுந்து நான் நல்லவளா ஆயிட்டேன், அது எனக்கு வேணாம். என்னைய மன்னிக்க மாட்டேன்னு எழுதினீங்க இல்ல, அத மாத்த வேணாம். இப்ப அதுக்கு நெசமாவே காரணம் இருக்கு.

வைகாசியில நல்ல நாள் மூணு இருக்குன்னு ஐயர் குறிச்சுக் குடுத்திருக்காரு, தேதிய தனியா எழுதி வச்சிருக்கேன். கல்யாணம் எங்க தோட்டத்துக் கோயில்ல. இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். லயத்துக்கு வர முடியாதுன்னு சொன்ன நீங்க லயத்துக்கு வந்து, எங்க வீட்டு எலையில ஒக்காந்து சாப்புடணும். உப்பு கம்மியாத்தான் போடுவோம், ஒங்களுக்கு ரத்தக் கொதிப்புன்னு தம்பி சொன்னாரு. தாலி உங்க வழக்கமா எங்க வழக்கமான்னு பேச நீங்க ஒரு நாள் வரணும், இல்ல நான் வாரேன். சண்டை போடுறதுன்னா நேருல போடலாம், ஸ்டாம்பு வாங்கி வாங்கி என்னையப் பாத்தாலே அஞ்சலாபீஸ்காரன் சிரிக்கிறான்.

தம்பி கால் எப்படின்னு இந்தத் தடவ கேக்கல. போன வாரம் இங்க வந்து மங்களத்தோட பால் மரத்துக்குள்ள நடந்துட்டுப் போனாரு. சரிவுல எறங்கும்போதுதான் கொஞ்சம் நொண்டுது. ஒங்களுக்குத் தெரியாதுன்னா நான் சொல்லலன்னு வச்சுக்குங்க.

ஆத்தாடி, இப்பத்தான் ஞாபகம் வருது. அன்னிக்கு விடியக்காலையில ஐயா துணிப்பையில கொண்டாந்தது ஒரு தேங்காய் இல்ல, ரெண்டு. ஒண்ணு உரிச்சது, அதத்தான் ஒடைச்சேன். இன்னொண்ணு மட்டையோட இருந்துச்சு, பையோட அப்படியே இங்க தூக்கியாந்து அரிசித் தொட்டிக்குப் பின்னால வச்சு மறந்துட்டேன். மங்களத்தோட நோட்ட எடுக்கறப்ப கையில தட்டுப்பட்டுச்சு. பை கிழிஞ்சு, ஒரு முளை வெளிய வந்து ரெண்டு ஓலை விட்டிருக்கு.

வீரம்மா